யாருக்கு எவ்வளவு அனுமதி?

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலையை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அது ஆலையாகவே தெரியாது. ஓங்கிய புகைக்கூண்டு, நீண்ட கொட்டகை எதுவும் இருக்காது. ஆனைக்குட்டம் அணையைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் வெட்டவெளியில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். மருந்து கலக்க ஓர் அறை, மருந்து செலுத்த இன்னோர் அறை, திரி வைக்க வேறோர் அறை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. ஓர் அறையில் தீப்பற்றினால் சேதம் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். இதைக் கண்காணிக்கும் போர்மேன், வெடிபொருள் துறையின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். விதி மீறினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போர்மேன்களின் பிள்ளைகளும், அச்சகத்தில் பிளேட் போடுகிறவர்களின் பிள்ளைகளும், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகளும் இன்று பொறியியலோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ முடித்துவிட்டு ஒரு கேள்வியோடு நிற்கிறார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் படிக்கலாமா? மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சான்றிதழ் எடுக்கலாமா? கேட்டதும் கட்டளை எழுதிக் கொடுக்கும் ஏஐ வந்துவிட்ட பிறகு அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்குமா? வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டப்போகும் பணம் என்பதால் கேள்வி லேசானதல்ல.

என் பதில் இது: படிக்கலாம். ஆனால் எதைப் படிக்கிறோம் என்பது மாற வேண்டும். கட்டளைகளை மனப்பாடம் செய்வதற்கான காலம் முடிந்துகொண்டிருக்கிறது. யார் எதைத் தொடலாம், எது எதோடு நிற்க வேண்டும் என்று வரையறுக்கும் அறிவுக்கான தேவை கூடிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன அறைகளின் ஏற்பாடுதான் லினக்ஸின் அடித்தளமும்.

போய்க் கற்று வருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்தது. பக்கத்திலேயே பட்டாசும் வளர்ந்தது. பட்டாசுக்கு அலுமினியப் பொடி வேண்டும். அந்தப் பொடியைத் தயாரித்த திருமங்கலம் மெட்டல் பவுடர் கம்பெனி 1984-இல் தொடங்கிய கல்லூரிதான் ஆமத்தூர் பக்கத்தில் இருக்கும் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. பெயரிலுள்ள ஷ்லெங்க், கம்பெனியின் ஜெர்மானியக் கூட்டாளி. ஒரு தொழிலின் தேவை அடுத்த தொழிலையும், கடைசியில் கல்வியையும் கொண்டுவந்து சேர்த்த வட்டாரம் இது.

லினக்ஸும் தமிழ்நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பொழுதுபோக்கு முயற்சியைப் பற்றி இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அந்த ஆண்டு வெளிவந்த முதல் பதிப்பு சுமார் 10,000 வரிகள் கொண்டது. இன்று அது ஏறத்தாழ 4 கோடி வரிகள். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப்பகுதியான அதே கெர்னல்தான். சென்னை சி-டாக் மையத்தில் உருவான 'பாஸ்' லினக்ஸ், 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் வழியாக விண்டோஸோடு சேர்ந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பிலிருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியிருந்தது.

ஆனால் லேப்டாப்போடு வந்த லினக்ஸைப் பல வீடுகளில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் அதை அழித்துவிட்டு வன்வட்டு முழுவதையும் விண்டோஸுக்கே ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடநூலை மாற்றியது, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே கட்டற்ற மென்பொருளில் நடத்தியது. நாம் பெட்டியைக் கொடுத்தோம். கற்றுக்கொடுக்கும் ஆளைக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் இன்றைக்குத் தனியார் பயிற்சி மையங்கள் காசுக்கு நிரப்புகின்றன.

லினக்ஸ் படிக்கத் தொடங்குகிறவரை முதலில் மிரட்டுவது அதன் வேகம். கெர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் ரெட்ஹாட் லினக்ஸின் 7-ஆம் பதிப்பு 2014-இல் வந்தது. 8-ஆம் பதிப்பு 2019-இல், 9-ஆம் பதிப்பு 2022-இல், 10-ஆம் பதிப்பு 2025-இல். ஒவ்வொன்றிலும் சில கருவிகள் போகும், சில வரும். சேவைகளைத் தொடங்கும் முறை 'சிஸ்டம்டி' வந்ததும் மாறியது. மென்பொருள் நிறுவப் பயன்பட்ட 'யம்' இருந்த இடத்துக்கு 'டிஎன்எஃப்' வந்தது. 'ஐஎஃப்கான்ஃபிக்' என்ற கட்டளையில் கை பழகியவர்கள் 'ஐபி' என்ற கட்டளைக்கு மாற வேண்டியிருந்தது. ரெட்ஹாட்டை ஒட்டி இலவசமாகக் கிடைத்த சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பரோடும், சென்ட்ஓஎஸ் 7-க்கானது 2024 ஜூனோடும் முடிந்தன. அதை நம்பியிருந்தவர்கள் ராக்கி, அல்மா என்ற இலவச லினக்ஸ்களுக்கு இடம் மாறினார்கள்.

இத்தனை மாற்றமும் மேல்தளத்தில் நடப்பது. அடித்தளம் பெரிதாக அசைவதில்லை. ஒரு செயலி கெர்னலிடம் 'இந்தக் கோப்பைத் திற', 'படி', 'எழுது', 'என்னைப்போல் இன்னொரு செயலியை உருவாக்கு' என்று கேட்கும் முறை 1970-களின் யூனிக்ஸிலிருந்து வந்தது. கெர்னலின் உள்ளே எதை மாற்றினாலும், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் அந்த மாற்றத்தால் நின்றுபோகக் கூடாது என்பதை டோர்வால்ட்ஸ் மீறக்கூடாத விதியாகவே வைத்திருக்கிறார். ஆகவே, லினக்ஸோடு கூடவே ஓடுவது எப்படி என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: அந்த வேகத்தில் பாதியை மறந்துவிடுங்கள். செயலி, கோப்பு, அனுமதி, நினைவகம், லாக் ஆகிய ஐந்தையும் ஆழமாகப் பிடித்துக்கொண்டால் புதிய கருவியின் பெயரைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். அடித்தளம் இல்லாமல் கருவிகளை மட்டும் கற்றவர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதில் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று உரிமைகள்: படிப்பது, எழுதுவது, இயக்குவது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பு. கூட்டினால் ஒரு தரப்பின் உரிமை ஒரே இலக்கமாகிவிடும். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவில் இருப்பவர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவருக்கு எதுவும் இல்லை. 777 என்றால் எல்லோரும் எல்லாமும் செய்யலாம். மொத்தம் 9 பிட்டுகள், அவ்வளவுதான். அரை நூற்றாண்டாக உலகின் சர்வர்களை இந்த ஒன்பது பிட்டுகள் காத்து வருகின்றன.

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். சிவகாசி அச்சகம் ஒன்று காலண்டர் மாதிரிகளை வாடிக்கையாளர்கள் பார்க்க ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் படக் கோப்புகளைத் தன் அடைவிலிருந்து வலை சர்வரின் அடைவுக்கு நகர்த்துகிறான். பிரவுசரில் திறந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வருகிறது. எல்எஸ் கட்டளையில் அனுமதியைப் பார்க்கிறான். 644 என்று இருக்கிறது, யாரும் படிக்கலாம். கோப்பு இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் கிடைக்கும் வழக்கமான பதில், 'சிஹெச்மாட் 777 போடு'. போட்டாலும் திறக்காது. அடுத்து வரும் பதில், 'எஸ்இலினக்ஸை அணைத்துவிடு'. அணைத்தால் திறந்துவிடும். பையனுக்கு நிம்மதி. ஆனால் சர்வரின் உள்சுவர்களில் ஒன்று இடிக்கப்பட்டுவிட்டது.

அங்கே நடந்தது இதுதான். ஒன்பது பிட்டுகளுக்கு மேலே இன்னொரு காவல் உண்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் அது. பின்னர் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. வலை சர்வர் என்ற செயலி, 'வலைத்தள உள்ளடக்கம்' என்ற முத்திரையுள்ள கோப்பைத்தான் படிக்கலாம். பயனரின் அடைவில் பிறந்த கோப்பின் மேல் 'வீட்டுக் கோப்பு' என்ற முத்திரை இருக்கும். கோப்பை நகல் எடுத்திருந்தால், போய்ச் சேர்ந்த இடத்தின் முத்திரை அதற்குக் கிடைத்திருக்கும். பையன் நகர்த்தினான், ஆகவே பழைய முத்திரையோடே வந்துவிட்டது. 'ரீஸ்டோர்கான்' என்ற ஒரே கட்டளையில் முத்திரை சரியாகிவிடும், எதையும் அணைக்க வேண்டியதில்லை. மறுக்கப்பட்டது எது, ஏன் என்பது ஆடிட் லாக்கில் ஒரு வரியாக முன்னமே எழுதப்பட்டிருக்கும். படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

வலை சர்வரை நாளைக்கு எவனோ உடைத்து உள்ளே நுழைந்தாலும், எஸ்இலினக்ஸ் விழித்திருந்தால் அவன் கை வலைத்தளக் கோப்புகளைத் தாண்டிப் பெரும்பாலும் நீளாது. சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் வேறு அறைகளில் இருக்கின்றன. நம் ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி இன்னொரு செயலியின் தகவலைத் தொட முடியாமல் இருப்பதற்கும் எஸ்இலினக்ஸ் ஒரு காரணம்.

ரெட்ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் இதே எஸ்இலினக்ஸ் கேள்விகள் வருகின்றன. அந்தத் தேர்வில் ஏ, பி, சி, டி என்று நான்கு விடைகள் இருக்காது. உண்மையான கணினியைக் கொடுத்து வேலைகளைச் செய்யச் சொல்வார்கள். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, செய்த மாற்றங்கள் கணினியை ரீபூட் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பது. வட்டுகளை இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் கணினி முழுதாக எழுந்திருக்காது. அதற்கு முன் சரியாகச் செய்த அத்தனை வேலைக்கும் மதிப்பெண் கேள்விக்குறிதான். கடுமையான விதி போலத் தோன்றும். ஆனால் இரவு 2 மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது சர்வர் தானாக எழுந்து நிற்குமா என்பதுதானே வேலையில் கேட்கப்படும் கேள்வி? சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

எல்லாச் சான்றிதழ்களும் இப்படி இல்லை. விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளுக்குப் பழைய கேள்விகளின் தொகுப்பு 'டம்ப்ஸ்' என்ற பெயரில் விலைக்குக் கிடைக்கிறது. அதை உருப்போட்டுத் தேறிய சான்றிதழ்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அந்தச் சான்றிதழ்களின் மதிப்பைத்தான் ஏஐ முதலில் அழிக்கிறது. உருப்போட்ட விடையைச் சொல்வதில் மனிதரால் அதை வெல்ல முடியாது.

ஏஐ எங்கே தடுமாறுகிறது என்பதற்கு வருவோம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்றவற்றின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை எழுதியதற்குப் பிறகு எந்தச் சொல் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அது படித்த லினக்ஸ் பக்கங்களில் எத்தனையோ ஆண்டு எழுத்து சேர்ந்திருக்கிறது. போன மாதம் வந்த பதிப்பைப் பற்றி நாலு பக்கம் இருந்தால், பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பைப் பற்றி நாலாயிரம் பக்கம் இருக்கும். ஆகவே பதிப்பைச் சொல்லாமல் கேட்டால் அது சில நேரம் பழைய கட்டளையைக் கொடுக்கிறது. சில நேரம் பழைய கருவியின் பாதியையும் புதிய கருவியின் பாதியையும் ஒட்டி, எங்கேயும் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது. 777 போடச் சொல்லும் பதில் இணையம் முழுக்க இறைந்து கிடப்பதால், அதுவும் மாதிரியின் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. தவறான பதிலையும் சரியான பதிலையும் அது ஒரே தெளிவோடு சொல்கிறது. கேட்பவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

இந்தக் குறை குறைந்துவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய ஏஐ முகவர்கள் கட்டளையைத் தாங்களே ஓட்டிப் பார்க்கின்றன. பிழை வந்தால் லாக்கைப் படித்து மறுபடி முயல்கின்றன. மேலே சொன்ன முத்திரைச் சிக்கலைச் சரியாகக் கேட்டால் இன்றைய நல்ல மாதிரிகள் ரீஸ்டோர்கானைத்தான் சொல்லும். இன்னும் சிக்கலான வேலையும் செய்திருக்கின்றன. 2025 மே மாதம் ஷான் ஹீலன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஓபன்ஏஐ-யின் ஓ3 மாதிரியைக் கொண்டு லினக்ஸ் கெர்னலில் யாருக்கும் தெரியாத ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கெர்னலுக்குள்ளேயே ஓடும் கோப்புப் பகிர்வு சர்வரில், ஒரு வேலைத்தொடர் நினைவகத்தின் ஒரு பகுதியைக் காலி செய்துவிட, இன்னொரு வேலைத்தொடர் அது இன்னும் இருக்கிறது என்று நினைத்துத் தொடுகிற பிழை அது. அதற்கு முன் தானே கையால் கண்டுபிடித்திருந்த ஒரு பிழையை மாதிரி பிடிக்கிறதா என்று 100 முறை ஓட்டிப் பார்த்தார். 8 முறை பிடித்தது. பெரும்பாலான ஓட்டங்களில் பிழையே இல்லை என்றது. பலவற்றில் இல்லாத பிழையை இருப்பதாகச் சொன்னது. அந்தக் குவியலில் எது மணி, எது பதர் என்று பிரித்தவர் கெர்னலின் நினைவக முறையை அறிந்த ஒரு மனிதர். ஏஐ அவருக்கு ஒரு பலமான கருவியாக இருந்தது. அடிப்படை தெரியாத ஒருவரிடம் அந்த நூறு அறிக்கைகளும் வெறும் காகிதம்.

இதைவிடவும் என்னைப் பாதித்தது 2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறிய மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்துக்கு 2021-இலிருந்து உதவி செய்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். சோதனைக் கோப்புகளுக்குள் அது ஒளிந்திருந்தது. பெரிய லினக்ஸ் வெளியீடுகளுக்குப் பரவியிருந்தால், உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களுக்குள் அந்த ஆள் சாவியில்லாமல் நுழைந்திருக்கலாம். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். அவர் பாதுகாப்பு நிபுணராக வேலை பார்ப்பவர் அல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த வேலைக்கு இவ்வளவு சிபியு ஏன் செலவாகிறது என்று துருவினார். அரை நொடி இயல்பில்லை என்று தெரிய, இயல்பு எவ்வளவு என்று முதலில் கைக்குப் பழகியிருக்க வேண்டும். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத, தினமும் கணினியோடு உட்கார்ந்தால் மட்டும் வருகிற அறிவு இது. என்ன கேட்பது என்று தெரிந்தவருக்கு ஏஐ பதில் தரும். இங்கே கேள்வியே ஓர் ஆளின் சந்தேகத்தில்தான் பிறந்தது.

இனி, அனுமதி என்ற பழைய கருத்து ஏஐ-யோடு நேரடியாக மோதும் இடம். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ முகவரை வைத்து ஒரு மென்பொருள் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்த நேரத்தில், அது பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். ஏஐ ஏன் அப்படிச் செய்தது என்று உலகம் விவாதித்தது. லினக்ஸ் நிர்வாகி கேட்க வேண்டிய கேள்வி வேறு: அழிக்கும் அனுமதியை அதற்கு யார் கொடுத்தது? 'தொடாதே' என்று வாயால் சொல்வது காவல் ஆகாது. படிக்க மட்டும் உரிமை உள்ள தனிப் பயனர் கணக்கில் அந்த முகவரை ஓட்டியிருந்தால், அது என்ன முடிவெடுத்தாலும் தரவுத்தளமே அழிக்க மறுத்திருக்கும். தனிக் கணக்கு, தனி கன்டெய்னர், தேவையான அடைவுக்கு மட்டும் எழுதும் உரிமை, நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக். இன்று நிறுவனங்கள் ஏஐ முகவர்களைச் சர்வர்களுக்குள் விடும்போது இந்த ஏற்பாடுகளைச் செய்ய ஆள் வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு முழுவதும் நல்ல லினக்ஸ் பாடத்தில் முன்பே இருக்கிறது.

அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏஐ-யின் தாக்கம் அதிகமுள்ள வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். அனுபவசாலிகளுக்கு அந்தச் சரிவு இல்லை. அதே ஆண்டு ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ காரணமல்ல, திறன் பொருந்தாததே காரணம் என்றது நிறுவனம். வேலை போகிறவர் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் என்னை உறுத்துவது அந்த 22 வயது. இதுவரை ஓர் இளைஞர் சர்வர் வேலைக்குள் நுழைந்தது எளிய பணிகள் வழியாக: பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது, கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது, வட்டு நிறைந்தால் பழைய லாக்கை அகற்றுவது. சலிப்பான வேலைகள்தான். ஆனால் இயல்பு எது, இயல்பில்லாதது எது என்று கை பழகியது அங்கேதான். அந்த வேலைகளை ஏஐ-யிடம் கொடுத்துவிட்டால் நாளைய அனுபவசாலி எங்கே பழகுவார்? 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களைப் புதிய படிப்புகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது, நல்ல தொடக்கம். அதன் அடுத்த படி, சான்றிதழ் எண்ணிக்கையைக் கூட்டுவதாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உண்மையான சர்வர்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். கல்லூரியின் வலைத்தளத்தை, நூலகக் கணினியை, ஆய்வகத்தின் கோப்பு சர்வரை இறுதியாண்டு மாணவர்களே பேராசிரியரின் மேற்பார்வையில் நிர்வகிக்கலாம். நிறுவனங்கள் மூடிக்கொண்டிருக்கும் அந்த முதல் படியைக் கல்லூரிகள்தான் இனிக் கட்டித்தர வேண்டும்.

வழிகாட்ட முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, பெருநகரம் அல்லாத ஓர் ஊரில் இருந்துகொண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக் கொடுக்கிறது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் வழியாக த. சீனிவாசன், து. நித்யா போன்றவர்கள் லினக்ஸையும் தரவுத்தளத்தையும் எளிய தமிழில் நூல்களாக எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அனுமதி பிட்டுகளைத் தமிழில் புரிந்துகொண்டவர், ஆங்கிலக் கையேட்டை அதன் பிறகு பயமில்லாமல் திறப்பார். சிவகாசியிலும் விருதுநகரிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கும்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு குழு கூட முடியாதா என்ன?

பணம் கட்டும் முன் பயிற்சி மையத்தில் சில கேள்விகளைக் கேளுங்கள். வகுப்பில் ஸ்லைடு எவ்வளவு நேரம், கணினி எவ்வளவு நேரம்? கற்பிப்பது எந்தப் பதிப்பு? வேண்டுமென்றே கெடுத்து வைத்த கணினியைச் சரிசெய்யும் பயிற்சி உண்டா? டம்ப்ஸ் தருகிறோம் என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக, காசு செலவில்லாமல் வீட்டிலேயே தொடங்கலாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப் அலமாரியில் இருந்தால் அதுவே போதும். ரெட்ஹாட் லினக்ஸைத் தனிநபர்கள் 16 கணினிகள் வரை இலவசமாகப் பயன்படுத்த 2021 முதல் அனுமதி உண்டு. பதிவு செய்ய விருப்பமில்லை என்றால் ராக்கியோ அல்மாவோ போடலாம். நினைவகம் தாங்கினால் ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி, சுத்தமான நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றி ரீபூட் செய்யுங்கள். கணினி பாதியில் நின்று அவசர நிலைக்குப் போய், ரூட் கடவுச்சொல் கேட்கும். ஏஐ-யிடம் போகாமல், 'ஜர்னல்சிடிஎல்' லாக்கில் எந்த வரியில் பிழை தொடங்குகிறது என்று முதலில் நீங்களே தேடுங்கள். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு அதே லாக்கை ஏஐ-யிடம் கொடுத்துக் கேளுங்கள். அது தரும் ஒவ்வொரு கட்டளைக்கும் 'மேன்' என்ற கையேட்டுப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு தெரிவும் எதைத் தொடும் என்று படித்த பின்னரே ஓட்டுங்கள். உங்கள் தாளும் அதன் பதிலும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஒரு கோப்பின் எஸ்இலினக்ஸ் முத்திரையை மாற்றி வைத்து, இதையே மறுபடி செய்யலாம்.